குச்சி கீழே

“ஒத்திகையை அடிக்கடி நிறுத்துகிறார். மாணவர் ஈடுபாடு குறைகிறது.” என் பயிற்சிப் பதிவேட்டில் சிவப்பு மையில் இருக்கும் வரிகள் இவை. எழுதியவர் எங்கள் பி.எட். கல்லூரிப் பேராசிரியை. நான் பயிற்சிக்குப் போயிருந்த பள்ளிக்குப் பார்வையிட வந்தவர். கணக்கு வகுப்பைப் பார்க்கத்தான் வந்தார், அது முடிந்துவிட்டதால் மைதானத்துக்கு வந்து பேண்ட் ஒத்திகையைப் பார்த்துவிட்டுப் போனார். அதே ஒத்திகையை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வுபெற்று, வெள்ளி சனிகளில் பள்ளிக்கு வந்துபோகும் மாஸ்டர். வண்டியை எடுக்கும்போது அவர் சொன்னது இது: “நல்லாத்தான் பண்றம்மா. ஆனா இன்னும் நிறுத்தணும். பாதித் தப்பு உன்னைத் தாண்டிப் போயிடுது.”

ஒரே ஒத்திகை. ஒருவருக்கு நிறுத்தம் அதிகம், இன்னொருவருக்குப் போதவில்லை. இருவருமே விவரம் தெரிந்தவர்கள், இருவருக்குமே என்மேல் அக்கறை உண்டு. அன்று காட்பாடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆரம்பித்த இந்த வழக்கு, பயிற்சி முடிந்து, சான்றிதழ் வாங்கி, தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நாள்வரை தீர்ப்பாகாமல் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதிப் பார்த்தாலாவது கொஞ்சம் அடங்குமா என்றுதான் இது.

கணக்கு எடுக்கப் போனவள் கையில் பேண்ட் எப்படி வந்தது என்பதை பி.எட். படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பயிற்சியில் நாம் போகிற பள்ளி நம்மை எதற்கெல்லாம் பயன்படுத்தும் என்று தெரியும்: விடுப்பில் போனவரின் வகுப்பு, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, சத்துணவு வரிசை. எச்.எம். மேடம் ஒருநாள், “உங்கள்ல யாருக்காவது பேண்ட் தெரியுமா?” என்று கேட்டார். பள்ளி நாட்களில் பத்தாவதுவரை நான் சைடு டிரம் அடித்தவள், கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடுகிறவள். கையைத் தூக்கினேன். அரசுப் பள்ளிகளுக்கு 2012-ல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்களைப் போட்டபோது இசைப் பாடத்துக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் நான் பார்த்த பள்ளிகளில் எல்லாம் பேண்ட் பி.டி. சாரின் தலையில்தான் இருக்கும், அவருக்கு ஆயிரம் வேலை. இங்கேயும் அப்படித்தான். விளையாட்டு விழாவுக்கு பேண்ட் தயாராக வேண்டும், ஒரு பி.எட். மிஸ் கிடைத்துவிட்டார், சரி.

சத்தமே பாடமாக இருக்கும்போது

பி.எட்.டில் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி உலகம் சுற்றி நம்மிடம் வந்தது. ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு சில நிமிடம் பாடம் நடத்த வேண்டும், நம் வகுப்புத் தோழிகளே மாணவிகளாக நடிப்பார்கள். கேள்வி கேட்டால் எல்லாரும் கையைத் தூக்குவார்கள். அழகாக இருக்கும். அங்கே படித்த தொடங்குதல், வினாக் கேட்டல், வலுவூட்டல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஆசிரியர் பேசும்போது வகுப்பு அமைதியாக இருக்கும் என்பது. பேண்டில் அது தலைகீழ். பிள்ளைகள் எழுப்புகிற சத்தம்தான் பாடம். நான் பேச வேண்டுமென்றால் பாடத்தை நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்து என்று சொன்னதும் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் சைடு டிரம்மைத் தோளில் மாட்டிய பையனைப் பார்த்ததில்லை. கை நின்றாலும் குச்சி நிற்காது, இன்னும் ஒரு ‘டக்’ போட்டுவிட்டுத்தான் நிற்கும். ட்ரையாங்கிள் வைத்திருக்கும் குட்டிப் பெண்ணோ நான் பேசி முடிக்கும்வரை ‘டிங்’ என்று ஆமோதித்துக்கொண்டே இருப்பாள். மாஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விஷயம் இசையைப் பற்றியதே அல்ல. “குச்சி கீழே” என்றால் இரண்டு குச்சியும் சேர்ந்து இடது அக்குளுக்குள் போக வேண்டும். போகிறவரைக்கும் வாயைத் திறக்காதே. போன பிறகு ஒரு விஷயம் மட்டும் சொல். இரண்டாவது விஷயம் நினைவுக்கு வந்தால் அடுத்த நிறுத்தத்துக்கு வைத்துக்கொள்.

கேட்க எளிதாக இருக்கிறது. மைதானத்தில் நின்று பார்த்தால் தெரியும். காதுக்குள் ஒரே நேரத்தில் பத்துத் தப்பு விழும். சிம்பல் முந்துகிறது, மூன்றாவது சைடு டிரம் வலதுகையாலேயே எல்லாவற்றையும் அடிக்கிறான், ஒரு புல்லாங்குழல் ஊதுவது போல நடிக்கிறது. இதில் எதற்கு நிறுத்துவது, எதை விட்டுவிடுவது? அதை அரை விநாடியில் முடிவு செய்கிறவர்தான் ஒத்திகை நடத்துகிறவர். வராந்தாவிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கையை ஆட்டுவது மட்டும்தான் தெரியும். கையை ஆட்டுவது பெரிய வேலையே இல்லை.

மாஸ்டரின் வழி

மாஸ்டர் கம்மவான்பேட்டைப் பக்கத்து ஆள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போகிற ஊர்ப் பக்கம் அது. மத்தியப் பிரதேசத்தில் பச்மரியில் இருக்கிற ராணுவ இசைப் பயிற்சிப் பள்ளியில் படித்தவர். ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்துக் கிளாரினெட் வாசிப்பார். எனக்குக் கோயிலில் பழகிய டோ, ரே, மீ எழுத்துகள்தான் வரும். பிள்ளைகளுக்கு இரண்டுமே தெரியாது. அதனால் கரும்பலகையில் எழுதுவதை விட்டுவிட்டு வாயால் சொல்லி அடிக்க வைத்தோம். பகுதிகளுக்குப் பிள்ளைகளே பேர் வைத்தார்கள். இரண்டு குச்சியும் மாறி மாறி நொறுக்குகிற இடத்துக்கு ‘கொத்து பரோட்டா’. “கொத்துக்கு ரெண்டு அடி முன்னாடியிலேர்ந்து” என்றால் கடைசிப் பையனுக்கும் புரிந்தது.

இந்தப் பேர் வைத்தது பெரிய உதவி. ஏனென்றால் எங்கே நிறுத்துவது என்பதைவிட, நிறுத்திய பிறகு எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பள்ளி பேண்டுகள் கெட்டுப்போகின்றன என்பது மாஸ்டரின் கட்சி. இதில் அவரோடு எனக்கு மறுபேச்சே இல்லை. தப்பு எங்கே வந்தாலும் “முதல்லேர்ந்து” என்போம். அதனால் முதல் எட்டு அடி ஒரு நாளில் எத்தனையோ முறை வாசிக்கப்பட்டுப் பளபளக்கும், நடுப்பகுதியைப் பிள்ளைகள் அனேகமாகச் சந்தித்ததே இருக்காது. குடியரசு தினத்தன்று நேதாஜி மைதானத்திலோ உங்கள் ஊர்ப் பள்ளியிலோ கவனித்துப் பாருங்கள். பேண்ட் கம்பீரமாகத் தொடங்கும், அரை நிமிடத்தில் ஆளுக்கொரு திசையில் போகும், முடிவில் எப்படியோ ஒன்றுசேரும்.

வேகம் இன்னொரு தொல்லை. அணிவகுப்பு நடைக்கு நிமிடத்துக்கு 120 அடி, என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் பழகிய கணக்கு. ஓர் அடிக்கு 30 அங்குலம் என்பதும் அதே கணக்கில் உண்டு, ஆனால் ஆறாம் வகுப்புக் காலுக்கு அது எட்டாது. வேகத்தை வைத்துக்கொண்டு அடியைச் சின்னதாக்க வேண்டியதுதான். போனில் மெட்ரோனோம், அதாவது வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி, வைத்துப் பார்த்தேன். 120-ல் புறப்படுகிற பேண்ட், கொத்து பரோட்டா வரும்போது 130-ஐத் தொட்டுவிடும். சத்தம் ஏறினால் வேகமும் ஏறும், பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். இதற்கு மாஸ்டரின் மருந்து சைடு டிரம்களை நிறுத்திவிட்டு பேஸ் டிரம் என்கிற பெரிய டிரம்மை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நடக்க விடுவது. இடது கால் தரையில் விழுகிற இடத்தில் பேஸ் டிரம் விழ வேண்டும், மற்றவர்கள் அதன்மேல் வந்து உட்கார வேண்டும்.

ஆனால் பேராசிரியையின் கட்சிக்கும் சாட்சி உண்டு. பியூகிள் ஊதுகிற பிள்ளைகள். பியூகிளில் பொத்தான் கிடையாது, உதட்டை இறுக்கித் தளர்த்தித்தான் சுரம் வர வேண்டும். அதுவும் ஸ, க, ப மூன்றும் அவற்றின் மேல் கீழ் ஸ்தாயிகளும்தான், வேறு கிடைக்காது. சாயங்காலம் நாலரைக்கு, வேலூர் வெயில் தணியாத மைதானத்தில், நான் சைடு டிரம்முக்காக நிறுத்தி நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் உதடு செலவாகிறது. கொஞ்ச நேரம் போனால் காற்று மட்டும்தான் வரும். அவர் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். நான் புல்லாங்குழல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது டிரம் வரிசை சும்மா நின்று ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டிருந்தது. ஈடுபாட்டைக் கெடுத்தது நிறுத்தம் அல்ல, நிறுத்தத்தில் வேலையில்லாமல் நின்றவர்களின் சும்மா. அதற்கப்புறம் ஒரு பக்கத்தோடு பேசும்போது மறுபக்கம் தொடையில் தட்டிப் பழக வேண்டும் என்று வைத்தேன். பேராசிரியை மறுபடி வந்திருந்தால் காட்டியிருப்பேன். அவர் வரவில்லை.

குழல்காரர்களோடு அத்தனை பேச்சு எதற்கு என்றால், தமிழ்த்தாய் வாழ்த்துக்காக. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோதே மோகன ராகம், திஸ்ர தாளம், 55 விநாடி என்று எல்லாம் வரையறுத்துவிட்டார்கள். ஐந்து சுரம், குழலுக்கு வசதி. ஆனால் அது நின்று கேட்கிற பாட்டு, மூன்று மூன்றாகப் போவது. டிரம் பிள்ளைகளின் கால் இரண்டு இரண்டாகத்தான் தட்டும். டிரம்மைக் கழற்றி வைத்தாலும் கால் தட்டுவது நிற்கவில்லை.

சாமி வந்து நிற்கும்போது

பேஸ் டிரம் அடித்த ஒன்பதாம் வகுப்புப் பையன் பம்பைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆடி மாதத்தில் அவனைப் பள்ளியில் பார்ப்பது அபூர்வம். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அப்பாவோடு போய் வந்த கதையை வருஷம் பூராவும் சொல்வான். இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டைப் பம்பையை அவன் அப்பா வாசிப்பார், இவன் உடுக்கை. பள்ளி பேஸ் டிரம்மின் பிளாஸ்டிக் தோலைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. “மழையில கூடத் தொங்கல மிஸ்ஸு, இது இன்னா தோலு.”

அவனிடம்தான் ஒருநாள் சும்மா கேட்டேன், உங்க அப்பா வாசிக்கும்போது தப்பு வந்தா என்ன செய்வார் என்று.

“அப்டியே போவாரு மிஸ்.”

“நிறுத்த மாட்டாரா?”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. “சாமி வந்து நிக்கும்போது எப்டி மிஸ் நிறுத்துறது? நிறுத்துனா ஆடுறவங்க விழுந்துடுவாங்க. தப்பு வந்தா எங்கப்பா அடியை மாத்திடுவாரு, நாங்க புடிச்சிக்கணும்.”

என் வழக்கில் மூன்றாவது வக்கீல் வந்துவிட்டார். அடிக்கடி நிறுத்தாதே என்கிறவர் ஒருவர், இன்னும் நிறுத்து என்கிறவர் ஒருவர். நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது, ஓட்டத்திலேயே சரி செய் என்கிற பரம்பரை ஒன்று. அந்தப் பரம்பரையில் ஒத்திகை என்று தனியாக எதுவும் இல்லை. பிள்ளைகள் வேலைக்குப் போய்த்தான் வேலை கற்கிறார்கள், முதலில் உடுக்கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில். அணிவகுப்பு நடக்கிற மைதானமும் உண்மையில் இப்படித்தான். நானூறு கால்கள் நடந்துகொண்டிருக்கும்போது பேண்ட் “மன்னிக்கணும், கொத்திலிருந்து மறுபடி” என்று சொல்ல முடியாது.

கடைசி வரிசை

விழாவுக்கு முந்தைய வாரம் முழு அணிவகுப்பு ஒத்திகை. கொடிக்கம்பத்துப் பக்கம் பேண்ட், நான்கு அணிகள் மைதானத்தைச் சுற்றி. முன் அணி சரியாக நடந்தது. கடைசி அணி எதிர்க்கோடியில் இருந்தபோது கால்கள் மாறி விழுந்தன, தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. பி.டி. சார் மெகாஃபோனில், “பேண்ட் லேட்டாவுது! இழுக்குறீங்க! இழுக்குறீங்க!” என்று கத்தினார். டிரம் வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. போனில் 120 துடித்துக்கொண்டிருந்தது, பேண்ட் அதன்மேல்தான் இருந்தது.

நிறுத்தவில்லை. பேஸ் டிரம் பையனிடம், “இதே வேகம், விடாத” என்று சொல்லிவிட்டுக் கடைசி அணியை நோக்கி மைதானத்தின் குறுக்கே நடந்தேன். பேண்டுக்கு முன்னால் நிற்காமல் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நடக்க நடக்கத் திரும்பிப் பார்த்தேன். அவன் கை இறங்குவதற்கும் ‘தும்’ என்று காதில் விழுவதற்கும் நடுவே இடைவெளி வந்தது, போகப் போக வளர்ந்தது. கடைசி வரிசைப் பெண்கள் பக்கத்தில் போய் நின்றபோது, அவன் கையை மறுபடி தூக்கிய பிறகுதான் சத்தம் வந்தது. அந்தப் பிள்ளைகள் தங்களுக்குக் கேட்ட அடியில் துல்லியமாகக் காலை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு டீச்சருக்கு இது போதும். வேலூர் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். கொடிக்கம்பத்திலிருந்து அந்த இடம் எழுபது மீட்டர் இருக்கும், ஆக 0.2 விநாடி தாமதம். நிமிடத்துக்கு 120 என்றால் ஓர் அடிக்கு அரை விநாடி. அந்த அரை விநாடியில் ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. பேண்ட் சரி, கடைசி வரிசை சரி, பார்த்துக்கொண்டிருந்த பி.டி. சாரின் கண்ணும் சரி. எல்லாரும் சரியாக இருந்தும் அணிவகுப்பு கோணல். நான் பேண்டை நிறுத்தி என்ன சொல்லியிருந்தாலும் அது நல்லா வாசிக்கிற பிள்ளைகளைக் கெடுக்கிற பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

இதைவிட என்னை உலுக்கியது வேறு. முன்னால் ஆளில்லாத அந்தப் பேண்ட் வேகம் மாறாமல் ஓடியது. நான் கைதட்டிக்கொண்டு நின்ற நாட்களைவிட இறுக்கமாக. என்னைப் பார்க்க முடியாததால் சைடு டிரம் பிள்ளைகள் பேஸ் டிரம்மைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கொத்து பரோட்டாவில் ஒருவன் தவறினான், பேஸ் டிரம் ஓர் அடியைக் கொஞ்சம் அழுத்திப் போட்டது, அவன் பிடித்துக்கொண்டான். அங்கிருந்து நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன், யாரும் பார்க்கவில்லை. கடைசி அணி கொடிக்கம்பத்தைத் தாண்டியதும் பையன் தானாகவே இரட்டை அடி போட்டான். ராணுவ பேண்டில் முடிவுக்கு அடையாளம் அந்த இரட்டை அடிதான், மாஸ்டர் எப்போதோ சொல்லிக்கொடுத்தது. மொத்த பேண்டும் கத்தரித்தது போல நின்றது. குச்சிகள் அக்குளுக்குள் போயின.

அன்றிலிருந்து நிறுத்தம் அவன் கையில் என்று ஆக்கினேன். நான் ஓரிடத்தில் நிற்காமல் பிள்ளைகளுக்கு நடுவில், பின்னால், மைதானத்தின் அந்தக் கோடியில் என்று போய் நின்று கேட்பேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவனுக்குக் கண் காட்டுவேன், அவன் இரட்டை அடி போடுவான். சில நேரம் நான் கண் காட்டாமலேயே போடுவான். அவன் நிறுத்திய இடங்கள் என்னுடையவை அல்ல. எந்தக் கை எந்தக் குச்சி என்பதற்கெல்லாம் அவன் நிறுத்தவே மாட்டான். யாராவது அவனைக் கேட்காமல் தனி வழியில் போனால் நிறுத்துவான். சிலருக்கு இது பிடிக்கவில்லை. “அவன் யாரு மிஸ் நிறுத்துறதுக்கு?” என்றாள் சைடு டிரம் வரிசையில் ஒருத்தி. இன்னொருவன் அவன் வீட்டுத் தொழிலைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தான். மாஸ்டர் காதில் அது விழுந்தது. ஒன்றும் திட்டவில்லை. பேஸ் டிரம்மைக் கழற்றி முணுமுணுத்தவன் தோளில் மாட்டி, “ஒரு ரவுண்டு அடிச்சிக்கினே வா, வேகம் மாறக் கூடாது” என்றார். பாதிச் சுற்றிலேயே வேகமும் போய் மூச்சும் போய்விட்டது. திரும்பி வந்து டிரம்மை அவனே பம்பைக்காரர் மகனிடம் கொடுத்தான். இருவரும் பேசிக்கொள்ள இன்னும் சில நாள் பிடித்தது.

மாஸ்டரிடம், இப்போது நிறுத்தம் குறைந்துவிட்டதே, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். “குறைஞ்சுதா? எனக்கு அதிகமாத்தான் தெரியுது. அந்தப் பய ஒவ்வொரு அடியிலும் நிறுத்தி நிறுத்தித்தான் கூட்டிக்கினு போறான். உனக்குத்தான் கேக்கல” என்றார். இதை முழுதாக விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அழுத்திப் போட்ட அந்த ஓர் அடியைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விழாவில் பேண்டைப் பக்கவாட்டில் மைதானத்தின் நடுப்பகுதிக்கு மாற்றினோம். எந்த அணியும் ரொம்பத் தூரம் போகாது. அணித் தலைவர்கள் காதை நம்பாமல் பேஸ் டிரம் பையனின் கையைப் பார்த்து அடியெடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தோம். முழுக்கச் சரியாக வந்தது என்று சொல்ல முடியாது, பரவாயில்லை என்ற அளவில் வந்தது.

பி.டி. சாரோடு இன்னும் பேச்சு வார்த்தை ஓடுகிறது, வாட்ஸ்அப்பில். இந்த வருஷம் மைதானத்தின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் கட்டி பேண்டுக்கு மைக் வைத்தால் தாமதமே இருக்காது என்கிறார். ஒயரில் போகிற சத்தத்துக்குத் தாமதம் கிடையாதுதான். ஆனால் ஸ்பீக்கர் சத்தம் முதலில் வரும், நிஜ டிரம் சத்தம் 0.2 விநாடி கழித்துப் பின்னால் வரும், கடைசி வரிசைக்கு ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும், பிள்ளைகள் எதில் காலை வைப்பார்கள் என்று எழுதினேன். “அதெல்லாம் வால்யூம்ல அடிச்சிடலாம் மிஸ்” என்று பதில் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஒரே ஒரு ஸ்பீக்கர் கட்டி, கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பார்க்கலாம் சார், நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கர்காரர் வாடகை கேட்கிறாராம்.